ஒலிபெருக்கி போன பிறகு

2022 ஆகஸ்டில், அப்போது தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ஊர்களில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்திவிட வேண்டும், சொல்ல வேண்டியதை வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும் என்பது அதன் சாரம். தமுக்கடிக்கும் வேலை தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டப்பட்டிருந்தது என்று தெரிந்தவர்களுக்கு அது தாமதமாக வந்த நல்ல கடிதம். அதன் நியாயத்தில் மறுபேச்சுக்கு இடமில்லை. ஆனால் ஆபத்து நேரத்துச் செய்தி யாரிடம் போய்ச் சேருகிறது என்று பார்க்கிறவர்களுக்கு அந்த மாற்றத்தில் கவனிக்க ஒன்று உண்டு. ஓர் ஒலி போனது, இன்னோர் ஒலி வந்தது. காது கேளாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். பார்க்கப்போனால் தமுக்கடித்தவராவது தெருமுனையில் சற்று நின்றார். ஆள் கூடுவதைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் என்னவென்று கையசைத்துக் கேட்டுக்கொள்ள அவகாசம் இருந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ நிற்பதில்லை.

கடலூர் மாவட்டத்தில் பேரிடர் என்றால் எல்லோருடைய கண்ணும் கிழக்கே போகும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த தானே புயல், 2015 நவம்பர் மழையில் பண்ருட்டிப் பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் புகுந்த காட்டாற்று வெள்ளம், 2024 டிசம்பரில் தென்பெண்ணை. கரையோரத்தில் அபாயச் சங்கு ஒலிக்கும் கோபுரங்கள் உண்டு, புயல் பாதுகாப்பு மையங்கள் உண்டு. மேற்கே வரவர இவை குறைந்துகொண்டே போகும். பீங்கான் பொம்மைக்கும் ஃபியூஸ் கேரியருக்கும் பேர்போன விருத்தாசலத்தைத் தாண்டி, திட்டக்குடி, வேப்பூர் வட்டாரத்தில் இருக்கிறது மங்களூர் ஒன்றியம். மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பூமி. ஒரு பக்கம் வெள்ளாறு, இன்னொரு பக்கம் 1923-ல் கட்டி முடித்த கீழ்ச்செருவாய் வெலிங்டன் நீர்த்தேக்கம். இங்கே ஆபத்து அலையாக வருவதில்லை. ஏரிக்கரை உடைப்பாகவும், இரவில் ஏறும் ஓடைத் தண்ணீராகவும், எல்லாவற்றையும்விட மின்னலாகவும் வருகிறது. 2025 அக்டோபரில் வேப்பூரை அடுத்த கழுதூரில் மக்காச்சோளக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள்.

அந்த வயலில் காது கேட்காத ஒரு பெண் இருந்திருந்தால் என்று யோசித்துப் பார்த்தால் விஷயத்தின் ஆழம் தெரியும். மின்னலைப் பற்றி அரசும் ஊரும் சொல்கிற முதல் புத்தி, இடிச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் போ என்பது. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணிப் பார், முப்பதுக்குள் இடித்தால் ஆபத்து பக்கத்தில் இருக்கிறது என்பது அடுத்தது. இரண்டும் காதை நம்பிச் சொன்னவை. குனிந்து களை எடுக்கிறவருக்குப் பகல் வெளிச்சத்தில் தொலைவு மின்னல் கண்ணில் படாது. அவருக்கு எச்சரிக்கை இயற்கையிடமிருந்தும் இல்லை, அரசிடமிருந்தும் இல்லை. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் கண்டு செல்போனுக்குச் சொல்கிறது. நல்ல கருவி. ஆனால் காட்டு வேலைக்குப் போகிறவரின் செல்போன் எங்கே இருக்கும்? வரப்பில், தூக்குவாளி வைத்த பைக்குள், சேலைத் தலைப்பில் சுற்றி. சத்தம் போட்டால் நாலு பேரில் ஒருவருக்காவது கேட்கும். அதிர்ந்தால் பைக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்ட ஒருவரிடம் செய்தி போய்ச் சேர இன்று இருக்கிற பாதை என்ன? வானிலை ஆய்வு மையத்திலிருந்து சென்னை எழிலகத்தில் உள்ள மாநில அவசரகால மையத்துக்கு, அங்கிருந்து கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு, பிறகு தாசில்தாருக்கு, வருவாய் ஆய்வாளருக்கு, வி.ஏ.ஓ.வுக்கு, தலையாரிக்கு. எழிலகத்திலிருந்து வி.ஏ.ஓ. வரை வர இப்போதெல்லாம் நிமிடக் கணக்குதான் ஆகிறது. ஒவ்வொரு படியிலும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தடுக்குவது கடைசிப் படியில். தலையாரியும் ஊராட்சிச் செயலரும் மைக் செட் கட்டிய ஆட்டோவில் தெருத்தெருவாகப் போகிறார்கள். திருப்பத்தில் சொல் அறுந்துபோகும். ‘கரையோர மக்கள்’ என்பது ஒரு தெருவுக்கும், ‘பாதுகாப்பான இடங்களுக்கு’ என்பது அடுத்த தெருவுக்கும் கேட்கும். காது கேட்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டு இட்டு நிரப்பிக்கொள்கிறார்கள். எங்கே போக வேண்டும், எந்த வழி, எத்தனை மணிக்குள் என்பதெல்லாம் அந்தத் திண்ணைப் பேச்சில்தான் முழுமையாகிறது. அந்தப் பேச்சுக்கு வெளியே இருக்கிறவருக்குப் பாதிச் செய்திகூட இல்லை.

இத்தனைக்கும் ஒலி மோசமான வழியல்ல. 2004 டிசம்பர் 26 காலையில் புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த நல்லவாடு மீனவ கிராமத்தைக் காப்பாற்றியது ஒலிபெருக்கிதான். சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் அங்கே செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்தில் அன்றாடம் அலையின் உயரம் சொல்லும் ஒலிபெருக்கி இருந்தது. அதில் கூவினார்கள், ஊர் ஓடித் தப்பியது. பேரிடர் பற்றிய ஆங்கில நூல்களில் இந்தச் சம்பவம் பலமுறை இடம்பெற்றுவிட்டது, இடம்பெறவும் வேண்டும். நான் சொல்ல வருவது அதிலிருந்து நம் நிர்வாகம் கற்றுக்கொண்ட பாடத்தைப் பற்றி. ஒலிபெருக்கி வேலை செய்கிறது என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் இன்னொருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தகவல் சொன்னதால்தான் அந்தச் சங்கிலியே தொடங்கியது என்பதை விட்டுவிட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கை நமக்குப் புதிதா என்றால் இல்லை. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பற்றி ஆண்டுதோறும் படிக்கிறோம். ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்று செய்தித்தாளில் வருகிறதே, அது ஒலியே இல்லாத ஏற்பாடு. பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும் உருவங்கள், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். பதினொரு எண்கள் வரை போகிறது. தொலைவில் நிற்கும் கப்பலுக்குக் குரல் எட்டாது என்பதால் வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. குரல் எட்டாத கப்பலுக்காக யோசித்தவர்கள் குரல் எட்டாத மனிதருக்காக யோசிக்கவில்லை. வங்கதேசத்தில் 1970-களிலிருந்து இயங்கிவரும் புயல் தற்காப்புத் திட்டத்தின் தொண்டர்கள் ஊருக்குள்ளேயே கொடி ஏற்றுகிறார்கள். ஆபத்து கூடக்கூட ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடிகள் கூடும். மெகாபோனும் சைரனும் கூடவே உண்டு. மங்களூர் ஒன்றியத்து ஊராட்சி அலுவலகங்களின் முன்னால் சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடி ஏற்றக் கம்பம் இருக்கிறது. மற்ற நாட்களில் அது சும்மாதான் நிற்கிறது.

செல்போன் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாடு முழுக்கச் செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறி அதிர்ந்தது நினைவிருக்கும். தொலைத்தொடர்புத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் நடத்திய சோதனை அது. குறுஞ்செய்தி எண் எண்ணாகப் போகும், நெரிசலில் சிக்கும். இந்த முறையில் ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் அத்தனை செல்போனுக்கும் ஒரே வீச்சில் போய்விடுகிறது. எண் தெரிய வேண்டியதில்லை. போன் அதிர்கிறது, திரையை மறித்துக்கொண்டு எழுத்து வருகிறது. காது கேளாதவருக்கு இது நிஜமான முன்னேற்றம். கையில் ஸ்மார்ட்போன் இருந்து, அதில் சார்ஜ் இருந்து, டவரும் உயிரோடு இருந்தால். தானே புயலுக்குப் பிறகு மாவட்டத்தின் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை.

எழுத்து வந்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி. காது கேளாதவர்தானே, எழுதிக் காட்டினால் படித்துக்கொள்வார் என்று அதிகாரிகளும் நாமும் எளிதாக நினைத்துக்கொள்கிறோம். பிறவியிலேயே கேட்கும் திறன் இல்லாதவருக்கு எழுத்துத் தமிழ் காதில் விழுந்து வந்த மொழியல்ல. சைகையில் வளர்ந்தவருக்கு அது பள்ளியில் பாடுபட்டுக் கற்ற இரண்டாம் மொழி. பள்ளிக்கே போகாத முதியவருக்கு அதுவும் இல்லை. இந்த நிலையில் அவர் திரையில் வருவது என்ன? ‘அடுத்த மூன்று மணி நேரத்தில் கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்ய வாய்ப்புள்ளது’ என்கிற நடையில் ஒரு வாக்கியம். வானிலை அறிவியலுக்கு அது துல்லியமான வாக்கியம், நான் குறை சொல்ல மாட்டேன். என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை. ‘இடி வருகிறது. வயலை விட்டு வீட்டுக்குப் போ. மரத்தடியில் நிற்காதே.’ மூன்று சிறு வாக்கியம், பக்கத்தில் ஒரு படம். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும், மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த பெரியவருக்கும் அதுவே போதும். வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி பற்றி அவர்களில் யாரும் அந்த நிமிடத்தில் விசாரிக்கப்போவதில்லை.

பார்வையற்றவருக்குச் சிக்கல் நேர்மாறானது. ஒலிபெருக்கி அவருக்கு உதவும், தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்து உதவாது. செல்போனில் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் போன்ற மென்பொருள்கள் இப்போது தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. யூனிகோடு எழுத்தாக இருந்தால் படிக்கும், படமாக இருந்தால் ‘படம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நம் அலுவலகங்களிலிருந்து வாட்ஸ்அப்பில் வருகிற அவசர அறிவிப்புகளைப் பாருங்கள். முத்திரையும் கையெழுத்தும் போட்ட தாளைப் போட்டோ எடுத்த படம், அல்லது ஸ்கேன் செய்த கோப்பு. மேலே அரசு இலச்சினை பளிச்சென்று இருக்கும், பார்வையற்றவருக்கு உள்ளே ஒன்றும் இருக்காது. கோப்பில் எழுத்தே இருந்தாலும், அது பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் மென்பொருள் அதை உளறலாகத்தான் வாசிக்கும். தமிழக அரசு யூனிகோடை 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஓர் அறிவிப்பைப் படமாக அனுப்புகிறவர் கூடவே அதே வரிகளைத் தட்டச்சு செய்து அனுப்ப ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும். இதற்குத் திட்டமோ நிதியோ வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும், அதையும் படமாக அனுப்பாமல் இருந்தால் சரி.

சைகை மொழியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அமைச்சர் பேசும்போது பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நின்றுவிட்டால் கடமை முடிந்ததென்ற எண்ணம் பரவிவருகிறது. 2017-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இர்மா புயல் நெருங்கியபோது மனாட்டி மாவட்ட அதிகாரிகளின் அவசரச் செய்தியாளர் சந்திப்பில் சைகை தெரிந்தவர் என்று ஓர் ஊழியரை நிறுத்தினார்கள். அவர் கை பீட்சா என்றும் அரக்கன் என்றும் சம்பந்தமில்லாமல் எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்ததைக் காது கேளாதோர்தான் கண்டுபிடித்தார்கள், அதுவும் பிறகு. நம் நாட்டில் இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 2015-ல்தான் அமைந்தது. அதன் அகராதி இன்று பத்தாயிரம் சொற்களைத் தொட்டுவிட்டது, பயிற்சி பெற்றவர்களும் கூடிவருகிறார்கள். ஆனால் மங்களூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அறுபது வயதைத் தாண்டிய, பள்ளி வாசலை மிதிக்காத ஒருவருக்கு அந்தச் சைகையும் அந்நிய மொழிதான். அவர் வீட்டுக்குள் உருவான கையசைவுகள் வேறு. தண்ணீருக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, தம்பி வீட்டுக்குப் போ என்பதற்கு ஒன்று. அவை அவருடைய அம்மாவுக்கும் தம்பி மனைவிக்கும் மட்டும் தெரியும். சென்னையிலிருந்து எவ்வளவு அழகாகச் சைகைக் காணொளி எடுத்து அனுப்பினாலும், அந்த இரவில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தம்பி மனைவிதான். அந்தப் பெண் அன்றைக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தால் யார் என்று முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். பேரிடர்த் திட்டம் என்பது என்னைப் பொறுத்தவரை இந்த அளவுக்குச் சின்னதாக, பெயரும் உறவும் குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. 2016-ல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவு பேரிடர் பாதுகாப்பைப் பற்றியது. அதன் மூன்றாம் உட்பிரிவு மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு இரண்டு வேலைகளைக் கொடுக்கிறது. மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், ஆபத்தான சூழல் வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்கத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். பொதுமக்களுக்கு அறிவித்துவிட்டோம் என்பது இந்த உட்பிரிவுக்குப் பதிலாகாது. இதற்கான விரிவான வழிகாட்டுதல்களைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2019-ல் வெளியிட்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை விதிகளை ‘வழிகாட்டுதல்’ என்று தளர்வாக விட்டுவிடக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

அதே ஆண்டு டிசம்பர் 2 அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்கள் மூழ்கின. முன்னறிவிப்பில்லாமல் திறந்தார்கள் என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. விவாதம் முழுவதும் அனுப்பியதைப் பற்றியே நடந்தது. அனுப்பிய செய்தி எந்த வீட்டில் யாருக்குப் புரிந்தது என்று கேட்டிருந்தால் இரண்டு தரப்பிடமும் கணக்கு இருந்திருக்காது. 8-வது பிரிவு கேட்பது அந்தக் கணக்கை.

பதிவேடு இல்லையா என்றால், நாலைந்து இருக்கின்றன. தனித்துவ அடையாள அட்டைக்கான பட்டியல் ஒன்று. மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறவர்களின் பட்டியல் ஒன்று. உலக வங்கிக் கடனுதவியுடன் நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்துக்காக வீடுவீடாக எடுத்த கணக்கு இன்னொன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அப்போது சட்டம் ஏற்ற குறைபாடுகள் ஏழு, இப்போது இருபத்தொன்று, ஆகவே எண்ணிக்கை கூடத்தான் இருக்கும். இந்தப் பட்டியல்கள் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடம் இருக்கின்றன. வெள்ளம் வரும் இரவில் கிளம்புகிறவர்கள் வருவாய்த் துறையினர். தலையாரியின் கையில் இருப்பது தாழ்வான பகுதிகளின் பெயர்கள், ஆட்களின் பெயர்கள் அல்ல.

எல்லோருடைய வீட்டையும் அரசால் தேடிப் போக முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்று தேர்தல் ஆணையம் ஏற்பாடு செய்தது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் 12டி படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். விருப்பம் சொன்னவர்களின் வீட்டுக்குப் பிறகு வாக்குப்பதிவுக் குழுவே தட்டியும் பெட்டியும் காவலும் கேமராவுமாக வந்தது. யார் எந்தச் சந்தில் இருக்கிறார், அவரால் படி இறங்க முடியுமா முடியாதா என்பதெல்லாம் அந்த அலுவலருக்குத் தெரிந்திருந்தது. பெரும்பாலும் அவர் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். ஓட்டை வாங்க வீடு தேடி வர முடிகிற அரசு, உயிரைக் காக்க வரும்போது மட்டும் தெருவோடு ஏன் திரும்பிப் போக வேண்டும்? ஒரு பாகத்தின் அத்தனை வீடுகளையும் அறிந்த ஒருவர் ஊதியப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறார். பேரிடர்த் திட்டத்தில் அவருக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

பட்டியல் வைத்துக்கொண்டே கோட்டைவிட்ட நாடும் உண்டு. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் ஜப்பானில் மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் பொது விகிதத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நகராட்சிகளிடம் பெயர்கள் இருந்தன, அந்தரங்கத் தகவல் என்று சொல்லிப் பலர் வெளியே தர மறுத்தார்கள். ஃபுகுஷிமா பகுதியில் மினாமிசோமா நகராட்சி துணிந்து கொடுத்தது, அதை வைத்துத் தொண்டு அமைப்பினர் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். 2013-ல் சட்டத்தைத் திருத்தி, உதவி தேவைப்படுவோர் பட்டியலை நகராட்சிகள் கட்டாயம் தயாரிக்க வேண்டுமென்றார்கள். 2021-ல் இன்னொரு திருத்தம் செய்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி வெளியேற்றத் திட்டம் எழுத முயல வேண்டும் என்று சேர்த்தார்கள். அந்தரங்கம் பற்றிய கவலை நம் ஊரிலும் பொய்யல்ல. தனியாக இருக்கும் காது கேளாத பெண்ணின் வீடு எது என்ற தகவல் ஊர் முழுக்கத் தெரிவது அவருக்கு ஆபத்து. ஆகவே பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கூடாது. யார் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்பதை அவரே தேர்ந்து, இரண்டு பேரின் பெயரைத் தருவதுதான் சரியாக இருக்கும்.

செய்தி போய்ச் சேர்ந்தாலும் போதாத இடங்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். தீ எரிவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கால் சங்கிலியில் இருந்தது. 2004 சுனாமியில் இலங்கையின் காலி நகருக்கு அருகே சம்போதி இல்லத்தில் இருந்த 102 பேரில் 41 பேர்தான் மிஞ்சினார்கள். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களுக்கு அலை வருகிறது என்ற தகவலால் என்ன பயன்? ஐக்கிய நாடுகளின் பேரிடர் அலுவலகம் 2013-ல் 137 நாடுகளில் மாற்றுத்திறனாளிகளிடம் கேட்டபோது, சட்டென்று சிரமமில்லாமல் வெளியேற முடியும் என்றவர்கள் ஐந்தில் ஒருவர்தான். எனவே எச்சரிக்கையில் ‘வெளியேறுங்கள்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பதும் இருக்க வேண்டும். மக்களைத் தங்கவைக்கும் பள்ளிக்கூடத்தில் சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.

எதிர்த் திசையிலும் பார்க்க வேண்டும். ஆபத்தில் இருப்பவர் உதவியைக் கூப்பிட வழி இருக்கிறதா? ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112. ஊர்ச் சுவர்களில் எழுதியிருப்பவை எண்கள் மட்டுமே. பேச முடிந்தவருக்கான எண்கள். 112-க்குச் செயலி வழியாகவும் தகவல் தரலாம் என்பது உண்மைதான். அது சுவரில் எழுதப்படாதவரை ஊருக்குத் தெரியாது. இரவில் பாம்பு கடித்த, பேச இயலாத ஒருவர் 108-ஐ அழுத்தினால் மறுமுனையில் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், இங்கே மூச்சுச் சத்தம் மட்டும் போகும். பிரிட்டனில் 2022 ஜூனிலிருந்து 999-க்குச் சைகை மொழிக் காணொளி அழைப்பு நடைமுறையில் இருக்கிறது. இங்கும் 2020 ஊரடங்கின்போது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை காது கேளாதோருக்கென்று வாட்ஸ்அப் காணொளி அழைப்பு வசதி செய்தது. தேவை வந்தபோது செய்ய முடிந்தது என்பதற்கு அது சான்று. அவசர எண்களோடு அதை நிரந்தரமாகச் சேர்ப்பதற்குக் கொள்ளைநோய் இன்னொன்று வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் சிறுபான்மையினருக்கான சலுகை என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் மண்ணை அரைக்கும் எந்திரம் ஓடுகிற கொட்டகைக்குள் நிற்பவருக்குக் காது எவ்வளவு நன்றாக இருந்தாலும் தெருவில் போகிற அறிவிப்பு கேட்காது. டிராக்டர் ஓட்டுகிறவருக்கும் கேட்காது. எழுபது வயதில் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டிக்கும் கேட்காது, அவரிடம் மாற்றுத்திறனாளி அட்டை எதுவும் இருக்காது. கொடி அவர்கள் எல்லோருக்கும் தெரியும். கதவைத் தட்டுகிற கை இன்னும் நன்றாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். அவற்றில் ஒன்று அக்டோபர் 2. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். மங்களூர் ஒன்றியத்து ஊராட்சிகள் ஒவ்வொன்றும் அந்தக் கூட்டத்தில், வீடு தேடிப் போக வேண்டிய பொறுப்பு எந்தத் தெருவுக்கு யாருடையது என்று தீர்மானம் போட்டுவிட்டு, அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு மாலையில் மைக் செட் இல்லாமலே ஒத்திகை பார்க்கலாம். கம்பத்தில் கொடி ஏற வேண்டும், பொறுப்பாளர்கள் கிளம்ப வேண்டும், ஒரு மணி நேரம் கழித்து எத்தனை வீட்டுக்குச் செய்தி போனது என்று எண்ண வேண்டும். எண்ணுகிற வேலையை அதிகாரிகளிடம் விடாமல், அந்த ஊரின் காது கேளாதவர்களிடமும் பார்வையற்றவர்களிடமும் கொடுக்கலாம். விட்டுப்போன வீடுகளின் கணக்கு மறுநாள் தாசில்தார் மேசைக்குப் போகட்டும், தட்டச்சு செய்த எழுத்தாக.